பன்னிரண்டு எம்பி என்று நான் சொன்னது பற்றி

அனுப்புநர்:
டி. பானுப்பிரியா (வயது 36),
க/பெ. டில்லிபாபு,
சேக்காடு, ஆவடி.

பெறுநர்:
உயர்திரு காவல் உதவி ஆணையர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் பிரிவு,
ஆவடி.

பொருள்: அம்பத்தூர் தொழிற்பேட்டை சாய்கமலம் டூல்ஸ் நிறுவனத்தில் டிசைன் கோப்புகள் திருடு போனதாக என் மேல் கொடுக்கப்பட்ட புகார் – நான் வேலை செய்த பழைய கம்ப்யூட்டரின் வேகத்தைச் சோதித்துப் பார்க்கவும், நாளை அது காயலான் கடைக்குப் போவதற்குள் கைப்பற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1) நிறுவனத்தின் உள்விசாரணையில் நான் கையெழுத்திட்ட வாக்குமூலம், நாள் 28.08.2025.
2) 15.09.2025 திங்கள் காலை பத்து மணிக்கு நேரில் வருமாறு தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி நிறுவனத்தில் பதினொரு வருடங்களாக புரோகிராம் ஆபரேட்டராக வேலை செய்து வருகிறேன். டிப்ளமோ படித்திருக்கிறேன். காவல் நிலையத்துக்கு இதுவரை ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறேன், அதுவும் ரேஷன் கார்டு தொலைந்தபோது. தங்கள் அலுவலகத்திலிருந்து பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். திங்கட்கிழமை நான் கட்டாயம் வருவேன். ஆனால் நான் சொல்ல வேண்டியது திங்கள் வரை தாங்காது என்பதால் இன்றே இந்த மனுவை எழுதுகிறேன்.

2. என் மேல் உள்ள புகார் இதுதான். 21.08.2025 வியாழக்கிழமை மதியம் ஒன்று ஐந்து முதல் ஒன்று ஐம்பது வரை, அதாவது நாற்பத்தைந்து நிமிடத்தில், நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஏறத்தாழ முப்பத்திரண்டு ஜிபி அளவுள்ள டிசைன் கோப்புகளை யாரோ காப்பி எடுத்திருக்கிறார்கள். ஒரு கார் கம்பெனிக்காக இரண்டு வருடம் உழைத்துப் போட்ட டை, அதாவது உலோகத்தை அழுத்தி உருவாக்கும் அச்சு, அதன் வரைபடங்கள் அவை. அடுத்த வாரமே வேறொரு நிறுவனம் அதே டையைச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறது. சர்வரின் பதிவில் உள்ள பயனர் பெயர் 'புரோக்-ஒன்று'. அது என் பெயர் அல்ல, என் வேலையின் பெயர். அதன் பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. ஷிஃப்ட் மாறினால் வேலை நிற்கக் கூடாது என்று மேலாளர் திரு. நிர்மல் அவர்களே நான்கு வருடம் முன்பு ஒட்டச் சொன்னார். குறைந்தது ஏழு பேருக்கு அது தெரியும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அந்தப் பெயரில் உள்ளே போகலாம். ஆனால் நான் என் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகி எடுத்தேன் என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள்.

3. அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டும். அதை யாரும் நேரில் பார்க்காமலே என்னைத் திருடி என்கிறார்கள். அது இருபது வருடத்துக்கு மேல் பழையது. எங்கள் ஷாப்பில், அதாவது பட்டறையில், இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது. ஒன்பது பின் உள்ள சீரியல் கேபிள் வழியாக வருவதை மட்டும்தான் அது வாங்கிக்கொள்ளும். அந்தக் கேபிளைச் செருகும் ஓட்டை புதுக் கம்ப்யூட்டர்களில் வருவதில்லை. அதனால்தான் என் கம்ப்யூட்டரை இத்தனை வருடம் தூக்கி எறியவில்லை. அந்தக் கேபிளில் ஒரு வினாடிக்குத் தொள்ளாயிரத்து அறுபது எழுத்துகள் போகும், அதற்கு மேல் ஒன்றும் போகாது. ஒரு நடுத்தர புரோகிராமை அனுப்பினால் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதையாவது தொட்டால் தொடர்பு அறுந்து, மெஷினில் இருக்கும் இரும்புக் கட்டி வீணாகிவிடும். அதனால் மானிட்டரின் மேல் 'ஓடும்போது தொடாதே' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்.

4. 21ஆம் தேதி மதியம் ஒரு மணிக்கு நான் அப்படி ஒரு புரோகிராமை அனுப்ப ஆரம்பித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அது ஒன்று ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. அந்த வேலையை மெஷினில் ஓட்டியது என்னோடு வேலை செய்யும் ஜீவா என்ற பெண். வேலை பழுதில்லாமல் வந்தது, பொருளும் டெலிவரி ஆகிவிட்டது. நடுவில் நான் பென் டிரைவ் செருகி முப்பத்திரண்டு ஜிபி இழுத்திருந்தால் அந்தப் பொருள் வந்தே இருக்காது. இதைச் சொல்லச் சொல்லி ஜீவாவைக் கேட்டேன். "அக்கா, நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீது. நான் சொன்னா நாளைக்கு என்னையும் சேத்துத் தூக்கிடுவாங்கோ" என்று அழுதுவிட்டாள். அவளைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் கேட்டால் சொல்வாள் என்று நம்புகிறேன்.

5. ஐயா, இனி எழுதப்போவது என் தவறு. 28ஆம் தேதி நிறுவனத்தின் மேல்மாடியில் உள்விசாரணை நடந்தது. நிறுவனத்தின் வக்கீலுடைய உதவியாளர் செல்வி மைதிலி நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நல்ல பெண், தண்ணீர் கூடக் கொடுத்தார். "உங்க கம்ப்யூட்டர் காப்பி ஸ்பீடு எவ்ளோ மேடம்?" என்று கேட்டார். நான் "பன்னிரண்டு எம்பி" என்று சொன்னேன். எங்கள் வேலையில் அப்படித்தான் பேசுவோம். அவர் வாக்குமூலத்தில் 'எனது கணினியில் வினாடிக்குப் பன்னிரண்டு எம்பி வேகத்தில் நகல் எடுக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று அழகான தமிழில் எழுதினார். நானும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

6. நான் சொன்னது மெகாபிட். அவர் புரிந்துகொண்டது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆங்கிலத்தில் எழுதினால் பிட்டுக்குச் சின்ன பி, பைட்டுக்குப் பெரிய பி. வாயால் சொன்னாலும் தமிழில் எழுதினாலும் இரண்டுமே எம்பிதான். நான் சுளைக் கணக்கில் சொன்னதை அவர் பழக் கணக்கில் எழுதிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. படித்துப் பார்த்தும் எனக்கே அப்போது உறைக்கவில்லை.

7. அந்த ஒரு வார்த்தையால் என்ன நடந்தது என்பதை அன்றைக்குச் சாயங்காலமே பார்த்தேன். வினாடிக்குப் பன்னிரண்டு மெகாபைட் என்றால் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு முப்பத்திரண்டாயிரத்து நானூறு மெகாபைட் ஆகும். அதாவது முப்பத்திரண்டு ஜிபி. திருடு போனதும் அதே அளவு. நிறுவனத்தின் வக்கீல் கால்குலேட்டரைத் திருப்பி என்னிடம் காட்டினார். அந்த எண்ணைப் பார்த்தபோது ஒரு நிமிடம் எனக்கே நான் எடுத்திருப்பேனோ என்று தோன்றிவிட்டது. பயம் அப்படிச் செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் லாரி ஓட்டுகிறார். "இன்னாமே இது, ஒரு தொகுதிக்கு ஒரு எம்பி தானே, ஒனக்கு மட்டும் பன்னெண்டு எம்பியா?" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். பிறகு அவரும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

8. உண்மையான கணக்கு இது. என் கம்ப்யூட்டரில் உள்ள யுஎஸ்பி ஓட்டை முதல் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் உச்ச வேகம் வினாடிக்குப் பன்னிரண்டு மெகாபிட், அதாவது ஒன்றரை மெகாபைட். நடைமுறையில் ஒரு மெகாபைட்தான் கிடைக்கும். அறுநூறு மெகாபைட் உள்ள ஒரு கோப்பு பென் டிரைவில் ஏறப் பத்து நிமிடம் ஆகும். இப்படி அனுப்பிய நேரங்களை நான் நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு, மூன்று வருட நோட்டின் நகலை இணைத்திருக்கிறேன். இந்த வேகத்தில் முப்பத்திரண்டு ஜிபி எடுக்க எட்டு மணி ஐம்பத்து மூன்று நிமிடம் வேண்டும். உச்ச வேகத்திலேயே ஓடியதாக வைத்துக்கொண்டாலும் ஆறு மணி நேரம் ஆகும். நடைமுறை வேகத்தில் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மூன்று ஜிபி கூடத் தேறாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்துப் பிறகு எடுத்திருக்கலாமே என்று கேட்டால், அதன் ஹார்ட் டிஸ்க்கின் மொத்த அளவே இருபது ஜிபி. முப்பத்திரண்டு அதில் அடங்காது.

9. திருடியவர் யார் என்று எனக்குத் தெரியாது. யார் மேலும் நான் புகார் சொல்லவில்லை. ஆனால் கணக்கு போட ஆரம்பித்த பிறகு அது என் பேச்சைக் கேட்டு நிற்கவில்லை. எங்கள் நிறுவனத்தில் மூன்று விதமான நெட்வொர்க் ஒயர்கள் உள்ளன. ஷாப்பில் என் கம்ப்யூட்டருக்கு வருவது அந்தக் காலத்துப் பத்து மெகாபிட் ஒயர். புதிதாகக் கட்டிய டிசைன் ரூமில் ஆயிரம் மெகாபிட். அங்கே வேகமான, நீல நிற யுஎஸ்பி ஓட்டை உள்ள கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எனக்குப் பத்து நிமிடம் ஆகும் கோப்பு அங்கே ஆறு வினாடியில் முடிந்துவிடும். முப்பத்திரண்டு ஜிபியை ஐந்தாறு நிமிடத்தில் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். பென் டிரைவ் மட்டமானதாக இருந்தால் அங்கேயும் நேரமாகலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

10. மூன்றாவது ஒயர் மேல்மாடி மீட்டிங் ரூமின் சுவரில் இருக்கிறது. அது நூறு மெகாபிட். நூற்றை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை மெகாபைட். தேய்மானம் போக வினாடிக்குப் பன்னிரண்டு. அதில் ஒரு லேப்டாப்பைச் செருகினால் முப்பத்திரண்டு ஜிபிக்கு நாற்பத்தைந்து நிமிடம். இதை முதலில் எழுதிப் பார்த்தபோது பேனாவை வைத்துவிட்டு வாசல் கதவைப் போய்ச் சாத்தினேன். மீட்டிங் ரூமின் சாவி மேலாளரிடம்தான் இருக்கும். அந்த வியாழக்கிழமை அங்கே யார் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த ரூமின் வாசல் கேமரா பதிவில் தெரியும்.

11. நான் செய்த அடுத்த தவறு, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, 08.09.2025 திங்கட்கிழமை திரு. நிர்மல் அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தது. மேலாளர் அவர்தான், அவரிடம் சொன்னால் புகாரை வாபஸ் வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே என் புத்தியை நினைத்து எரிச்சல் வருகிறது. அவர் தாளை இரண்டு முறை படித்தார். மீட்டிங் ரூம் என்ற வரியில் அவர் விரல் நின்றது. பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இந்தக் கணக்கெல்லாம் ஒனக்கு எதுக்கும்மா? ஒத்துக்கினு எழுதிக் குடுத்துடு, வேலைய வுட்டுட்டுப் போயிடு, நான் கேஸ் இல்லாம பாத்துக்கிறேன். பொம்பளப் புள்ளய வெச்சிகினு எதுக்கு ரிஸ்க்?" என்று மெதுவாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. எனக்குப் பெண் பிள்ளை இருப்பதை நான் அவரிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

12. அதற்கு இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆயுத பூஜைக்கு முன் பழைய பொருட்களைக் கழிப்பதாகவும், 13ஆம் தேதி சனிக்கிழமை காலை காயலான் கடை வண்டி வருவதாகவும் எழுதியிருந்தது. பட்டியலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது, அது என்னுடையது. வருடா வருடம் ஆயுத பூஜையன்று அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். பூஜைக்கு இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. அது இல்லாமல் அந்த மில்லிங் மெஷின் ஓடாது என்று ஜீவா கேட்டதற்கு, மெஷினுக்கும் லீவு விடப் போகிறோம் என்று பதில் வந்ததாம். இரண்டு கோடி ரூபாய் ஆர்டர் ஓடும் மெஷினுக்கு யாரும் காரணமில்லாமல் லீவு விடமாட்டார்கள். முதலாளி திரு. ராஜசேகரன் அவர்களிடம் சொல்லலாம் என்றால், அவர் இதய அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறார். வீட்டு வாசலோடு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

13. அந்தக் கம்ப்யூட்டர் போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது என் கையெழுத்துள்ள வாக்குமூலம் மட்டும்தான். அதன் வேகம் என்ன என்று பிறகு யாராலும் சோதிக்க முடியாது. பன்னிரண்டு எம்பி என்று நானே சொன்னதாக நான் சாகும் வரை எழுத்தில் இருக்கும்.

14. என் அப்பா பாரிவாக்கத்தில் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர். களத்தில் ஏதாவது காணாமல் போனால் முதலில் கூலிக்காரர்களின் மடியைத்தான் அவிழ்க்கச் சொல்வார்களாம். அதனால்தான் என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். அவரிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. என் மகளிடமும் சொல்லவில்லை. தெருவில் பைக் நின்றால் அவள் எட்டிப் பார்க்கிறாள், நான் உள்ளே போய்விடுகிறேன். அம்பத்தூரிலிருந்து ரயிலில் வரும்போது யாராவது என்னையே பார்ப்பது போலத் தோன்றினால் இரண்டு ஸ்டேஷன் முன்னதாகவே இறங்கிவிடுகிறேன். தெரியாத எண்ணிலிருந்து மூன்று நாளாகப் போன் வருகிறது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

15. ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து:

அ) நாளை காலை வண்டி வருவதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டரையும், சீரியல் கேபிளையும், சர்வரின் பதிவையும், வாசல் கேமராவின் 21ஆம் தேதிப் பதிவையும் கைப்பற்றி முத்திரையிட வேண்டுகிறேன்.

ஆ) தங்கள் அலுவலகத்தில், அந்தக் கம்ப்யூட்டரில் தங்களுடைய பென் டிரைவையே செருகி, நெட்வொர்க் ஒயர் வழியாக வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து முப்பத்திரண்டு ஜிபியை அதில் காப்பி செய்து பார்க்க வேண்டுகிறேன். ஒரு முழு வேலை நாள் ஆகும். பாதியில் போதும் என்று நிறுத்திவிடாமல் கடைசி வரை ஓடவிட வேண்டும்.

இ) என் வாக்குமூலத்தில் 'எம்பி' என்று உள்ள இடத்தில் நான் சொல்ல வந்தது மெகாபிட் என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இனி என்னிடம் வாக்குமூலம் வாங்கினால் அந்த வார்த்தையை முழுதாக எழுதச் சொல்ல வேண்டும்.

ஈ) ஜீவாவைத் தனியாக விசாரிக்க வேண்டும். நிறுவனத்துக்குள் வைத்து வேண்டாம்.

இவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகும் நான்தான் திருடினேன் என்று தங்களுக்குத் தோன்றினால் நான் ஓடி ஒளிய மாட்டேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தால் போதும், அவள் பார்க்க வேண்டாம்.

தங்கள் நடவடிக்கையை இன்று மாலைக்குள் எதிர்பார்த்து, பயத்தோடும் மரியாதையோடும்,

டி. பானுப்பிரியா

இடம்: ஆவடி
நாள்: 12.09.2025, வெள்ளிக்கிழமை

இணைப்பு: 1) வாக்குமூலத்தின் நகல். 2) மூன்று வருட நேரக் குறிப்பு நோட்டின் நகல், 41 பக்கம். 3) நோட்டீஸ் போர்டு அறிவிப்பின் புகைப்படம்.

(தங்கள் அலுவலக வாசலில், டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது கையால் சேர்த்து எழுதியது. நேரம் மதியம் 2.40.)

ஐயா, ஜீவா இப்போதுதான் போன் செய்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "அக்கா, வண்டி இப்பவே வந்துடுச்சி. ஒன் சிஸ்டத்த மட்டும் ஏத்திகினு போறாங்கோ, வேற ஒண்ணும் ஏத்தல. பாடி பக்கம் போவுது. நான் போலீசுல சொல்றேன் அக்கா, நீ என் பேர எழுதிக்கோ" என்றாள். நீல நிற மினி லாரி, பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கிறதாம். நம்பரின் கடைசி நான்கு எண்கள் 4471. தொழிற்பேட்டையிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடம்தான் ஆகிறது. பாடி மேம்பாலத்தில் இந்நேரம் நெரிசல் இருக்கும்.

என் டோக்கன் நம்பர் 38. இப்போது 19ஐக் கூப்பிடுகிறார்கள். இந்த மனுவில் நாளை என்று நான் எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் இன்று என்று படிக்க வேண்டுகிறேன்.